லைசென்ஸுக்குப் பிறகு நான் வாங்கிய கோர்ஸ்கள்

கமர்ஷியல் ஹெலிகாப்டர் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று என் லாக்புக்கில் 187 மணி நேரம் இருந்தது. அடுத்த ஐந்து மாதத்தில் 61 நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். இரண்டே பதில்தான் வந்தது. இரண்டிலும் ஒரே சங்கதி: ஆயிரம் மணி நேரம் ஆனதும் வாருங்கள். அந்த 187-க்கும் ஆயிரத்துக்கும் நடுவில் என்ன செய்வது என்று பயிற்சியின்போது யாரும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. லைசென்ஸ் வாங்கினால் வேலை வரும் என்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் "எப்போ ஜாயின் பண்றே?" என்று கேட்பார்கள். "இன்னும் ஒரு கோர்ஸ் பாக்கி இருக்கு" என்று சொல்லிச் சமாளிப்பேன். அப்படிச் சொல்லிச் சொல்லியே அந்தப் பொய்யை நானும் நம்பிவிட்டேன் என்பதுதான் இந்தக் கதையின் தொடக்கம். அடுத்த 19 மாதத்தில் நான்கு கோர்ஸ்கள் எடுத்தேன். அவற்றில் மூன்றை அப்போது எடுத்திருக்கவே கூடாது.

முதலில் எடுத்தது, இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிற ஒன்று. கடலில் உள்ள எண்ணெய்க் கிணறுகளுக்குப் பறக்கும் வேலை விளம்பரங்களில் எல்லாம் நீருக்கடியில் ஹெலிகாப்டரிலிருந்து தப்பிக்கும் பயிற்சி வேண்டும் என்று போட்டிருந்தார்கள். சரி, அதை முடித்து வைத்துக்கொண்டால் விண்ணப்பம் கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்று சொந்தக் காசில் போய்ச் சேர்ந்தேன். ஹெலிகாப்டரின் கூடு மாதிரி ஒன்றில் நம்மை பெல்ட் போட்டு உட்கார வைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் ரோட்டாரும் மேலே இருப்பதால் தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டர் பெரும்பாலும் கவிழ்ந்துவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. மூக்கில் தண்ணீர் ஏறும், எது மேலே எது கீழே என்று தெரியாது. ஒரு கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடியே இருக்க வேண்டும், எல்லா அசைவும் நின்ற பிறகுதான் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். முதல் முறை நான் அவசரப்பட்டு பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். உடனே உடம்பு மிதந்து கூட்டின் தரையில் போய் முட்டியது. ஜன்னல் எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது. நல்ல பயிற்சிதான், யாரும் மறக்க முடியாது. ஆனால் இந்தத் துறையில் பெரும்பாலோர் ஏற்கும், ஒபிடோ என்ற பயிற்சித் தர அமைப்பின் சான்றிதழ் நான்கு ஆண்டுதான் செல்லும். அந்த வகை வேலைக்கு ஆள் எடுத்தால் நிறுவனமே அனுப்பி வைக்கும். எனக்கோ அந்த வேலை கிடைக்கவே இன்னும் பல வருடம் ஆகும். காலாவதி ஆகப்போகிற ஒன்றை, தேவை வரும் முன்பே வாங்கிவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு பயிற்சி நிறுவனத்தின் 'கேரியர் பேக்கேஜ்' கண்ணில் பட்டது. டர்பைன் ஹெலிகாப்டருக்கான டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு வகையை ஓட்ட லைசென்ஸில் ஏற்றும் அனுமதி), கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், கயிற்றில் பாரம் தூக்கும் ஸ்லிங் பயிற்சி என மூன்றும் சேர்ந்தது. முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி. லைசென்ஸுக்கு ஆன செலவில் பாதிக்கு மேல் வரும் தொகை அது. சேமிப்பில் இருந்ததை வழித்து எடுத்தேன், மீதியை அக்காவிடம் கடன் வாங்கினேன். கட்டிவிட்டு வெளியே வந்தபோது வந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேலையே கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால், நான் அன்று காசு கொடுத்து வாங்கியது அந்த நிம்மதியைத்தான் என்று தோன்றுகிறது.

டர்பைன் பகுதி சொன்ன தேதியில் தொடங்கியது, சொன்ன தேதியில் முடிந்தது. ஒரு வாரம் வகுப்பு, பிறகு பெல் 206-ல் ஐந்து மணி நேரம். அதுவரை பிஸ்டன் எஞ்சின் உள்ள ராபின்சன் ஆர்22, ஆர்44 மட்டுமே ஓட்டியவனுக்கு டர்பைனை ஸ்டார்ட் செய்வது தனி அனுபவம். ஸ்டார்ட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு கம்ப்ரஸர் சுழற்சி ஏறுவதைப் பார்க்க வேண்டும். போதுமான வேகம் வந்த பிறகே த்ராட்டிலைத் திறந்து எரிபொருளை விட வேண்டும். எரியத் தொடங்கியதும் வெப்பநிலை முள் குதித்து ஏறும். அது சிவப்புக் கோட்டை நோக்கி ஓடினால் யோசிக்க நேரமில்லை, உடனே த்ராட்டிலை மூடி, ஸ்டார்ட்டரை விடாமல் பிடித்து, காற்றை ஓட்டிக் குளிர வைக்க வேண்டும். ஒரே ஒரு 'ஹாட் ஸ்டார்ட்' போதும், எஞ்சினைக் கழற்றிப் பார்க்க வேண்டியதாகிவிடும். என் இன்ஸ்ட்ரக்டர் தன் கையை என் கைமேலேயே வைத்திருப்பார். மூன்றாம் நாள்தான் எடுத்தார்.

ரேட்டிங் லைசென்ஸில் ஏறியது. பெருமையாக 20 நிறுவனங்களுக்குப் புதிய விண்ணப்பம் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏன் என்பது பின்னாளில்தான் புரிந்தது. டர்பைன் ரேட்டிங் இருக்கிறதா என்பது பின்னால் வரும் கேள்வி. டர்பைனில் எத்தனை மணி நேரம் என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்பவரும் பெரும்பாலும் நிறுவனத்தின் முதலாளி அல்ல, அவருடைய ஹெலிகாப்டருக்குக் காப்பீடு கொடுப்பவர். ஐந்து மணி நேரம் என்பது அவர் கணக்கில் பூஜ்யம். அதைவிடக் கொடுமை, என்னுடைய லைசென்ஸ் ஐரோப்பிய விதிமுறைப்படியானது. அதில் ஒவ்வொரு வகை ஹெலிகாப்டருக்கும் தனி டைப் ரேட்டிங் வேண்டும், அந்த ரேட்டிங் ஓராண்டுதான் செல்லும். புதுப்பிக்க அந்த ஆண்டுக்குள் அதே வகையில் குறைந்தது இரண்டு மணி நேரம் பறந்திருக்க வேண்டும், தேர்வாளருடன் ஒரு சோதனைப் பறப்பும் முடிக்க வேண்டும். அமெரிக்க விதிமுறை வேறு மாதிரி. அங்கே 12,500 பவுண்டுக்கு மேல் எடையுள்ள ஹெலிகாப்டருக்குத்தான் டைப் ரேட்டிங் என்ற பேச்சே வரும். ஆகவே யாரோ ஒரு நண்பர் "டர்பைன் முடிச்சுடு, கதவு திறக்கும்" என்று சொன்னால், அவர் எந்த விதிமுறையின் கீழ் பறப்பவர் என்று முதலில் கேளுங்கள். என் ரேட்டிங் ஒரு நாள்கூட வேலைக்குப் பயன்படாமல் முதல் பிறந்தநாளில் காலாவதி ஆனது.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்தான் என்னை உண்மையில் உடைத்தது. தியரிப் பரீட்சைகளை எழுதி முடித்திருந்தேன். ஒவ்வொரு தாளிலும் 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி, எல்லாத் தாளையும் 18 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்த நாளிலிருந்து 36 மாதத்துக்குள் ரேட்டிங் வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் படித்தது வீண். 36 மாதம் என்பது அப்போது ஒரு யுகம் மாதிரித் தெரிந்தது. ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டரில் இந்த ரேட்டிங் எடுக்க, இன்ஸ்ட்ரக்டருடன் 50 மணி நேரம் கருவிப் பறப்பு வேண்டும். சரியான தரச்சான்று உள்ள சிமுலேட்டர் என்றால் அதில் 35 மணி நேரம் வரை கழித்துக்கொள்ளலாம். மீதி 15 மணி நேரம் நிஜ ஹெலிகாப்டரில்.

சிமுலேட்டரில் 11 மணி நேரம் முடித்திருந்த சமயத்தில், ஒரு நாள் பயிற்சித் தலைவர் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்த சிமுலேட்டரை விமானப் போக்குவரத்து ஆணையம் ஆண்டுக்கொரு முறை பரிசோதித்துச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அது தள்ளிப்போய்விட்டது, இடையில் செய்த மணி நேரங்கள் கணக்கில் சேராது என்றார். என்னவோ நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னார். அந்த 11 மணி நேரத்தை மறுபடி செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்கள், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அந்தப் பதினோரு மணி நேரத்துக்கு ஆன ஆறு வாரத்தையும் அறை வாடகையையும் யார் தருவது? சிமுலேட்டரின் தகுதிச் சான்று ஒரே ஒரு தாள்தான். அதில் எந்தத் தேதி வரை செல்லும், எந்தத் தரம் என்று இருக்கும். சேரும் முன் "அதைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்பது அவமரியாதை என்று நினைத்தேன். எங்காவது சேரும் முன் கட்டாயம் கேளுங்கள். அதேபோல, அந்த நிறுவனத்துக்கு நீங்கள் சேரும் கோர்ஸை நடத்தவே அனுமதி இருக்கிறதா, உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்த ஆணையம் அந்த அனுமதியை ஏற்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் "அதெல்லாம் செல்லும் சார்" என்று சொல்வதற்கு எந்த மதிப்பும் இல்லை.

அடுத்த அடி ஹெலிகாப்டரிலிருந்து வந்தது. கருவிப் பயிற்சிக்கு ஏற்றபடி அமைத்த ஆர்44 அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் அதில் 6 மணி நேரம் முடித்திருந்தேன். ஹாங்கரில் வேலை பார்த்த வயதான எஞ்சினியர் ஒருவர், நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, "தம்பி, உங்களுக்கு இன்னும் எத்தனை மணி பாக்கி?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். "இவளுக்கு நாலுதான் பாக்கி" என்று ஹெலிகாப்டரைக் கையால் தட்டிக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. ராபின்சன் ஹெலிகாப்டர்களை 2200 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்தாக வேண்டும் என்பது லைசென்ஸ் பரீட்சைக்கே படித்த விஷயம். ஆனால் நான் உட்கார்ந்து பறக்கிற இந்த இயந்திரம் எத்தனையாவது மணியில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நான் பணம் கட்டிய அன்றே அது 2140-ல் இருந்திருக்கிறது. மீதி இருந்த 60 மணி நேரத்தை ஐந்து மாணவர்களுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் கண்டுபிடித்திருக்கலாம். பராமரிப்புப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். பறக்கப் போகும் இயந்திரத்தின் பதிவேட்டைப் பார்ப்பது விமானியின் வேலைதானே.

ஓவர்ஹாலுக்குப் போனது திரும்பி வர ஏழு மாதம் ஆனது. முதலில் எட்டு வாரம் என்றார்கள், பிறகு பாகம் வரவில்லை என்றார்கள், பிறகு போனை எடுப்பதை நிறுத்தினார்கள். இதற்கு நடுவில் எனக்குச் சொல்லிக் கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் கடல் பறப்பு வேலை கிடைத்துப் போய்விட்டார். அவர்மேல் கோபம் இல்லை, பொறாமைதான் இருந்தது. அந்த ஏழு மாதம் எப்படிப் போனது என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் மின்னஞ்சல் பார்ப்பேன், வானத்தில் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் போகமாட்டேன். கூடப் படித்தவர்களுடைய போன் வந்தால் எடுக்கமாட்டேன். அக்காவிடம் மட்டும் வாரம் தவறாமல் "நல்லா போகுது" என்று சொல்வேன். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று பின்னால் சொன்னாள்.

திரும்பப் போய் முதல் நாள் ஹூட்டை மாட்டிக்கொண்டு பறந்தபோதுதான், பணத்தைவிடப் பெரிதாக எது போயிருக்கிறது என்று தெரிந்தது. ஹூட் போட்டால் வெளியே எதுவும் தெரியாது, முன்னால் உள்ள கருவிகள் மட்டும்தான். கண் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், எதிலும் நிற்கக் கூடாது. அந்தப் பழக்கம் ஏழு மாதத்தில் சுத்தமாகக் கழன்று போயிருந்தது. வேகத்தைப் பார்த்தால் உயரம் போகும், உயரத்தைப் பிடித்தால் திசை போகும். ஒரு ஹோல்டிங் சுற்றில், அதாவது முறை வரும்வரை ஒரே இடத்தில் சுற்றிக் காத்திருக்கும்போது, 300 அடி இறங்கியிருக்கிறேன், எனக்குத் தெரியவே இல்லை. விட்ட இடத்துக்கு வந்து சேரவே 8 மணி நேரம் கூடுதலாகப் பறக்க வேண்டியிருந்தது. அந்த எட்டும் பேக்கேஜில் சேராது. ஒப்பந்தத்தை அன்றுதான் முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். விலை என்று போட்டிருந்தது சட்டப்படியான குறைந்தபட்ச மணி நேரத்துக்கு. அதற்கு மேல் பறந்தால் தள்ளுபடி இல்லாத முழு வாடகை. தேர்வாளர் கட்டணம், தேர்வு நாள் ஹெலிகாப்டர் வாடகை, விமான நிலையத்தில் இறங்குவதற்கும், கருவிகளைப் பார்த்து ஓடுபாதையை நெருங்கிப் பழகுவதற்குமான கட்டணம், எரிபொருள் விலை ஏறினால் அந்த வித்தியாசம், எல்லாமே தனி. குறைந்தபட்ச மணி நேரத்தில் இந்த ரேட்டிங்கை முடித்த யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. விலை கேட்கும்போது "போன மூன்று மாணவர்கள் எத்தனை மணி நேரத்தில் முடித்தார்கள், எந்தத் தேதியில் சேர்ந்து எந்தத் தேதியில் முடித்தார்கள்" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

ரேட்டிங் கிடைத்துவிட்டது. ஆனால் கருவிப் பறப்புக்கு ஆள் எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் இரட்டை எஞ்சின் ஹெலிகாப்டர்கள்தான். ஒற்றை எஞ்சினில் எடுத்தது அங்கே அப்படியே செல்லாது, அந்த வகைக்கு மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. இதுவும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியது. இது கெட்ட கோர்ஸ் என்று சொல்லவில்லை. என்னை நல்ல விமானி ஆக்கியது இதுதான். எடுத்த வேளைதான் தப்பு.

இந்த நிலைமையில்தான் ஒருவழியாக ரோஷத்தை விட்டு, சிறிய நிறுவனம் ஒன்றில் தலைமை விமானியாக இருக்கும் ஓர் அண்ணனுக்குப் போன் செய்தேன். வேலை கேட்கவில்லை, "நான் என்ன தப்பு பண்றேன்?" என்று மட்டும் கேட்டேன். லாக்புக்கைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். "தம்பி, உன்கிட்ட சான்றிதழ் நிறைய இருக்கு, மணி நேரம் இல்லை. மணி நேரத்தை இன்னொருத்தர் காசுல பறக்கணும்னா அதுக்கு ஒரே வழிதான், நீ இன்ஸ்ட்ரக்டர் ஆகணும். அதை ஏன் முதல்லயே செய்யலை?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கற்பிக்கும் வேலை எனக்குக் கீழானது என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போல.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னுடைய விதிமுறையில் கமர்ஷியல் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஹெலிகாப்டர் இன்ஸ்ட்ரக்டர் ஆக மொத்தம் 250 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி நேரம் பொறுப்பு விமானியாகப் பறந்திருக்க வேண்டும். பயிற்சி என்பது 125 மணி நேரம் வகுப்பு, 30 மணி நேரம் பறப்பு. லைசென்ஸ் வாங்கிய அன்று என்னிடம் மொத்தம் 187, பொறுப்பு விமானியாக 62. அன்றே இருப்பதில் மலிவான ஆர்22-ஐ வாடகைக்கு எடுத்து 63 மணி நேரம் தனியாகப் பறந்திருந்தால் இரண்டு நிபந்தனையும் ஒன்றாக முடிந்திருக்கும். பேக்கேஜுக்குக் கட்டிய பணத்தில் அந்த 63 மணி நேரம், இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸ் இரண்டும் போக மிச்சமும் இருந்திருக்கும். நானோ டர்பைனில் 5, ஆர்44-ல் 23 என்று பறந்து 215-க்கு வந்திருந்தேன். ஆனால் அத்தனையும் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்த மணி நேரம். பொறுப்பு விமானிக் கணக்கு 62-லேயே நின்றிருந்தது. இன்னும் 38 மணி நேரம் என் கைக்காசில் பறக்க வேண்டும். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் 62 என்ற எண்ணைச் சுற்றி நான் பேனாவால் போட்ட வட்டம் தாளைக் கிழித்திருக்கிறது.

எனவே, லைசென்ஸ் வாங்கியவர்கள் எந்தக் கோர்ஸில் சேரலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் கோர்ஸ் பட்டியலைக் கீழே வையுங்கள் என்பேன். நீங்கள் போக நினைக்கிற வேலையில் இருக்கும் நான்கு பேரிடம் போய், "உங்கள் காப்பீட்டுக்காரர் குறைந்தது என்ன கேட்கிறார்?" என்று கேளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். மருத்துவ உதவிப் பறப்புக்குப் போக ஆசைப்பட்டு இப்போதே இரவுப் பார்வைக் கண்ணாடிப் பயிற்சியில் காசைக் கொட்டாதீர்கள். அந்தக் கண்ணாடியில் ஏறக்குறைய 40 டிகிரிதான் தெரியும், ஆழம் சரியாகத் தெரியாது, தலையைத் திருப்பிக்கொண்டே பறக்க வேண்டும். விட்டுவிட்டால் மறந்துபோகும் திறமை அது, வேலை இருக்கும்போது படித்தால்தான் நிற்கும். நூறு அடிக் கயிற்றில் பாரம் தூக்குவதும் அப்படியே. கதவுக்கு வெளியே தலையை நீட்டிக் கீழே பார்த்தபடி பாரத்தின் ஆட்டத்தை அடக்குவது பல நூறு மணி நேரத்தில் வரும் கைப்பழக்கம், அதில் பத்து மணி நேரச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதற்கெல்லாம் விதிவிலக்காக ஒன்று உண்டு. நான் எடுத்த நான்காவது கோர்ஸ், மூன்றே மணி நேரம் பறப்பு, இரண்டு நாள். எந்த ரேட்டிங்கும் கிடைக்காது, விண்ணப்பத்தில் போட்டால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். விலையும் மற்றவற்றோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அவசர நிலைகளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. 38 மணி நேரம் தனியாகப் பறப்பதற்கு முன் போ என்று அந்த அண்ணன்தான் விரட்டினார். லைசென்ஸ் பயிற்சியில் ஆட்டோரொட்டேஷன் (எஞ்சின் சக்தி இல்லாமல், காற்றால் சுழலும் ரோட்டாரை வைத்தே இறங்குவது) என்றால் "மூன்று, இரண்டு, ஒன்று" என்று எண்ணிவிட்டு த்ராட்டிலை மூடுவார்கள், நாம் தயாராக இருப்போம். இங்கே சொல்லிக்கொடுத்தவர் எண்ணவில்லை. வெளியே ஏதோ ஏரியைக் காட்டிப் பேசிக்கொண்டே மூடினார். ஆர்22-ன் ரோட்டார் எடை குறைவு; எஞ்சின் சக்தி போனால் சுழற்சி சடாரென்று விழும். 97 சதவீதத்துக்குக் கீழே போனதும் காதைக் கிழிக்கிற மாதிரி ஹார்ன் அடிக்கும். அந்த ஹார்ன் அடித்த பிறகுதான் என் இடது கை கலெக்டிவை, அதாவது ரோட்டார் இதழ்களின் கோணத்தை ஒருசேர மாற்றும் நெம்புகோலை, இறக்கியது. அவர் கை அதற்கு முன்பே அங்கே இருந்தது. "இப்ப நீங்க தனியா இருந்திருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். 215 மணி நேரம் பறந்தவன் நான்.

சுழல் வளையத்தில் சிக்கினால் வெளியேறும் வழியையும் அங்கேதான் கற்றேன். தன் ரோட்டார் கீழே தள்ளிய காற்றிலேயே ஹெலிகாப்டர் அமிழ்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு முதலில் சொல்லித் தந்தது கலெக்டிவை இறக்கி முன்னால் தள்ளிப் போவது. அதற்கு நிறைய உயரம் செலவாகும். ஸ்விட்சர்லாந்து விமானி கிளாட் வுய்ச்சார்ட் பரப்பிய முறையில் சக்தியைக் குறைக்காமல் பக்கவாட்டில் வெளியேறலாம். மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும் ரோட்டார் என்றால் கலெக்டிவ் மேலே, இடது பெடல், ஹெலிகாப்டரைச் சாய்க்கும் கம்பியான சைக்ளிக் வலப்பக்கம், மூன்றும் ஒரே நேரத்தில். முதல் தடவை செய்தபோது இழந்த உயரத்தைப் பார்த்து நானே நம்பவில்லை, அவ்வளவு குறைவு. இரண்டு இதழ் ரோட்டாரில் எடையின்மை வந்தால் சைக்ளிக்கை மெல்லப் பின்னால் இழுத்து ரோட்டாருக்கு மீண்டும் சுமை கொடுத்துவிட்டுத்தான் சாய்வைத் திருத்த வேண்டும் என்பதை மட்டும் தரையிலேயே சொல்லிக்கொடுத்தார். அதைப் பறந்து காட்டுவது கூடாது, ரோட்டார் தண்டிலேயே இடித்து முறிந்துவிடும். அமெரிக்காவில் ஆர்22, ஆர்44 ஓட்டுபவர்களுக்கு இதற்கென்றே 1995-ல் தனி விதி கொண்டுவந்தார்கள்.

மேகத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிடுவது பற்றி அவர் சொன்னதுதான் என்னை அதிகம் உலுக்கியது. பார்வை போன நொடியிலிருந்து கட்டுப்பாடு இழக்கும் வரை சராசரியாக 56 நொடிதான் கிடைக்கிறது என்று அமெரிக்க ஹெலிகாப்டர் பாதுகாப்புக் குழு கணக்கிட்டிருக்கிறது. நான் கொஞ்சம் மிதப்பாக, "எனக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்கிறது" என்றேன். 2020 ஜனவரி 26 அன்று அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் இறந்த விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அது இரட்டை எஞ்சின் சிகோர்ஸ்கி எஸ்76, ஓட்டியவரிடமும் அந்த ரேட்டிங் இருந்தது. ஆனால் அந்த நிறுவனத்துக்குப் பார்வைப் பறப்புக்கு மட்டுமே அனுமதி. மேகத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருப்பதாக அவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் திரும்பிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பார்வைப் பறப்பிலேயே மேகத்துக்குள் தொடர்ந்து போக முடிவெடுத்ததும், அதனால் திசை உணர்வு குழம்பியதும்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. நான் ஹோல்டிங் சுற்றில் தெரியாமல் இறங்கிய அந்த 300 அடி ஞாபகம் வந்தது. அப்போது எனக்குக் கீழே இரண்டாயிரம் அடி இருந்தது, பக்கத்தில் ஓர் இன்ஸ்ட்ரக்டர் இருந்தார்.

பணம் கட்டும் விஷயத்தில் ஒன்றே ஒன்று: முன்பணமாக மொத்தமாகக் கட்டவே கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். பறந்த மணி நேரத்துக்கு மட்டும், பறந்த பிறகு கட்டுங்கள். முடியாது என்றால் அதிகபட்சம் அடுத்த ஐந்து மணி நேரத்துக்கு. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவில் பல மாநிலங்களில் கிளை வைத்திருந்த ஒரு பெரிய ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி ஒரே நாளில் கதவை மூடியது. முன்பணம் கட்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். நான் சேர்ந்த இடம் மூடவில்லை, இன்றும் அதே பேக்கேஜை விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் திரும்பத் தர முடியாது என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

38 மணி நேரத்தை ஆர்22-ல் பறந்து முடித்தேன், இன்ஸ்ட்ரக்டர் கோர்ஸும் முடிந்தது, இப்போது ஒரு சிறிய பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறேன். புது இன்ஸ்ட்ரக்டர் என்பதால் 100 மணி நேரம் கற்பித்து, மாணவர்களின் தனிப் பறப்பு 25-ஐ மேற்பார்வை செய்யும் வரை, மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில்தான் வேலை; மாணவரை முதல் தடவை தனியாக அனுப்பும் முடிவு என்னுடையதல்ல. லாக்புக் 341-ல் நிற்கிறது. சம்பளத்தில் பாதி அக்காவுக்குப் போகிறது. ஸ்லிங் பயிற்சியில் ஒரு நிமிடம்கூட நான் பறக்கவில்லை. அதற்குக் கட்டிய 9 மணி நேரத்துக்கான பணம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பணமாக வேண்டாம், அதை ஆர்22 மணி நேரமாக மாற்றிக் கொடுங்கள் என்று ஏழாவது மின்னஞ்சல் போன செவ்வாய்க்கிழமை அனுப்பியிருக்கிறேன்.